வெளியூரில் 60 நாள்: நெடுநாள் சிகிச்சைக்குப் புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன், கம்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஐம்பது வயதைக் கடந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். நாக்கின் ஓரத்தில் நெடுநாளாக ஆறாத புண். சதைப் பரிசோதனையில் அது புற்றுநோய் என்று உறுதியானது. கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்பட்டதால் சென்னைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவரிடம் இருந்தது. ஆகவே சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிராது என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். என் கடமை அத்துடன் முடிந்தது என்றே எண்ணினேன்.

ஒன்றரை மாதம் கழித்து வரவேண்டியவர் நான்காவது வாரத்திலேயே திரும்பி வந்து நின்றார். 35 நாள் பெற வேண்டிய கதிர்வீச்சில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்களா என்று கேட்டேன். அவருடைய மனைவிதான் பதில் சொன்னார்: "வைத்தியத்துக்கு யாரும் காசு கேக்கல ஐயா. இருக்குறதுக்கும் சாப்பாட்டுக்கும்தான் பத்தல."

அவரை மீண்டும் அனுப்பிவைக்க இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. சிகிச்சையை முடித்துக்கொண்டுதான் வந்தார். ஆயினும் அடுத்த ஆண்டே நோய் திரும்பியது. நடுவில் விழுந்த அந்த இடைவெளியே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல இயலாது. அது காரணமன்று என்றும் சொல்ல இயலாது. ஆனால் அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி எதுவென்று நன்றாகத் தெரியும். "எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும், எங்கே தங்குவீர்கள், அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?" மருந்துச் சீட்டைப் போலவே இந்தக் கேள்விக்கான விடையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

ஏன் நடுவில் நிறுத்தக் கூடாது?

கதிர்வீச்சு நாள்தோறும் சிறு சிறு அளவாகத் தரப்படுகிறது. ஒவ்வொரு நாளும் சில புற்றணுக்கள் அழிகின்றன. சில வாரங்கள் சென்றபின், எஞ்சிய அணுக்கள் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அவை மீண்டும் தலைதூக்குவதற்குள் சிகிச்சையை முடித்துவிட வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்களில், திட்டமிட்ட நாளுக்கு மேல் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. கருப்பைவாய்ப் புற்றுநோயில், வெளிக்கதிர்வீச்சும் உட்கதிர்வீச்சும் சேர்ந்து 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் விதி.

ஆகவே பணம் தீர்ந்து ஊர் திரும்புவது வெறும் பணத்தொல்லையாக நின்றுவிடுவதில்லை. அதுவும் நோயின் போக்கை மாற்றும் ஒரு மருத்துவச் சிக்கலே. தங்கும் செலவைத் திட்டமிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று நான் கருதுவது இதனால்தான்.

முதற்கேள்வி: எத்தனை நாள்?

நோயாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் "எவ்வளவு செலவாகும்?" என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது "எத்தனை நாள்?" என்பது. நாள் தெரியாமல் பணக்கணக்குப் போட முடியாது.

பொதுவான கால அளவுகளைச் சொல்கிறேன். உங்களுக்குரியதைச் சிகிச்சை தரும் மருத்துவரே சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு 3 முதல் 5 வாரம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 6 முதல் 7 வாரம். இவை வாரத்திற்கு 5 நாள் வீதம் நடைபெறும். சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் முதல் 3 மாதங்களேனும் மருத்துவமனைக்கு அருகில் இருக்க வேண்டியிருக்கும். பிறரிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்றவர்கள் ஏறத்தாழ 100 நாள் அருகிலேயே தங்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் மொத்தச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டு வரை நீளும். ஆனால் அருகிலேயே இருந்தாக வேண்டிய காலம் தொடக்கத்திலுள்ள சில மாதங்கள்தாம்.

இந்த நாள்களுடன் இன்னொன்றையும் கூட்ட வேண்டும். கதிர்வீச்சு போய்ச் சேர்ந்த மறுநாளே தொடங்குவதில்லை. பரிசோதனைகள், முகத்திற்கான வார்ப்பு எடுத்தல், திட்டமிடும் ஸ்கேன் என்று ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை கழியும். கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் முறை வரும் வரை காத்திருக்கவும் நேரிடும். அந்தக் காத்திருப்பை நகரத்து லாட்ஜில் கழிக்க வேண்டியதில்லை. "இடையில் ஊருக்குப் போய்விட்டு, நீங்கள் சொல்லும் தேதிக்கு வரலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்ற விடை கிடைக்கும்.

ஊரிலேயே முடிக்கக்கூடியவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுவோர் முன்னதாகப் பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கெட்டுப்போன பல்லை எடுத்தால் ஈறு ஆற 10 முதல் 14 நாள் தேவை. சிகிச்சை மையத்தின் ஒப்புதலோடு அதைத் தேனியிலேயே முடித்துவிட்டால் நகரத்தில் அத்தனை நாள் மிச்சம். இரத்தப் பரிசோதனை, இதய எக்கோ போன்றவற்றையும் அவ்வாறே கேட்டுப் பாருங்கள்.

அவ்வளவு தொலைவு போகத்தான் வேண்டுமா?

நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு வழி பல திசைகளிலும் திறந்திருக்கிறது. க.விலக்கில் 2004 முதல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கிழக்கே மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை உள்ளது. கண் சிகிச்சைக்கு 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலும், அதன் கிளை தேனியிலும் உள்ளன. வடக்கே வேலூர், சென்னை. மேற்கே குமுளியைக் கடந்தால் கோட்டயமும் திருவனந்தபுரமும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் அமைந்திருப்பதால், தென்மாவட்டத்தார் பலர் அங்கு செல்கின்றனர்.

பெயர் பெற்ற மருத்துவமனை என்பதால் மட்டுமே தொலைவான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதே சிகிச்சை அதே தரத்தில் மதுரையில் கிடைக்குமானால், குறைந்த செலவில் அதை முழுமையாக முடிக்க இயலும். தேனியைச் சேர்ந்தவர் மதுரைக்கு நாள்தோறும் சென்றுவரவும் கூடும். ஆனால் கம்பம், கூடலூரிலிருந்து 7 வாரம் தினமும் சென்று திரும்புவது பலவீனமான உடலுக்குத் தாங்காது. அங்கேயே தங்குவதே நல்லது.

பிரித்துச் செய்துகொள்ளும் வழியும் உண்டு. அறுவை சிகிச்சையைப் பெருநகரில் முடித்து, அடுத்த கீமோதெரபியையோ டயாலிசிஸையோ அருகிலுள்ள ஊரில் தொடரலாம். இதற்கு முதல் மருத்துவமனை எழுத்தில் தரும் சிகிச்சைத் திட்டம் வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி வந்தால் எங்களால் தொடர முடியாது.

செலவுக் கணக்கு

ஒரு பள்ளி நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. ஊருக்கு ஊர் இவை மாறும்.

நோயாளியும் உடன் ஒருவரும் 60 நாள் தங்குவதாகக் கொள்வோம். அறை வாடகை நாளொன்றுக்கு 350 ரூபாய் எனில் 21,000. தாங்களே சமைத்தால் இருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 250 வீதம் 15,000. பேருந்து, பால், முட்டை முதலியவற்றுக்கு 100 வீதம் 6,000. இதுவரை 42,000. ஊரிலிருந்து போய்வரவும், துணைக்கு இருப்பவர் இடையில் மாறவும் 5,000. காப்பீட்டில் அடங்காத மருந்து, பரிசோதனைகளுக்கு 5,000. மொத்தம் 52,000. இதில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்காகக் கூட்டினால் 62,400.

"சிகிச்சை இலவசம்" என்று கேள்விப்பட்டு 15,000 ரூபாயுடன் புறப்படும் குடும்பம் மூன்றாவது வாரத்தில் ஏன் திரும்புகிறது என்பது இப்போது விளங்கும்.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஊரில் இருப்பவர்களின் 60 நாள் செலவு, பிள்ளைகளின் கட்டணம், வாங்கிய கடனுக்கான தவணை, ஏலத்தோட்ட வேலைக்கோ திராட்சைத் தோட்ட வேலைக்கோ போகாததால் இழக்கும் கூலி ஆகியவற்றையும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். கையிருப்புக்கும் தேவைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்பது புறப்படும் முன்பே தெரிந்துவிட வேண்டும். முன்னரே தெரிந்தால் வழி தேடலாம். அறியாத ஊரில், நோயாளியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தேடினால் கந்துவட்டிதான் கண்ணில் படும். நகை அடகு வைத்தே தீரவேண்டுமெனில், ஊரிலேயே கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். முழுத் தொகையையும் ரொக்கமாக எடுத்துச் செல்லாமல், கணக்கில் வைத்து வாரந்தோறும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீடும் உதவித் தொகையும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, அட்டை எல்லா மருத்துவமனைகளிலும் செல்லாது. நீங்கள் போகும் மருத்துவமனை, உங்கள் சிகிச்சைக்கு, இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவது, அட்டை சிகிச்சைக்கானது. வெளியில் தங்கும் வாடகைக்கும் உணவுக்கும் அன்று. மூன்றாவது, கேரளத்தில் பயன்படுத்த எண்ணுவோர் தங்கள் பெயர் ஆயுஷ்மான் பாரத் பயனாளிகள் பட்டியலில் உள்ளதா என்று இங்கேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். மாநிலத் திட்டத்தில் மட்டும் இருப்பவர்கள் எல்லை தாண்டினால் அந்த அட்டையை நம்பியிருக்க இயலாது. அவ்வாறு இருப்பின் தமிழ்நாட்டிற்குள்ளேயே மருத்துவமனை தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

பெருஞ்செலவு பிடிக்கும் நோய்களுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து ஒரு பகுதி உதவி பெற விண்ணப்பிக்கலாம். சிகிச்சை தரும் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுச் சான்று அதற்குத் தேவை. இது வரவிருக்கும் செலவுக்கான உதவி. முன்பே செலவழித்த பணத்தைத் திரும்பப் பெறும் வழியன்று. ஆகையால் முதல் வாரத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

பயணம்

2010 இறுதியில் நின்றுபோன நம் ரயில், அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனிக்குத் திரும்பியது. 2023 ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரை நீண்டது. அன்று முதல் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வாரம் 3 நாள் நேரடி ரயில் இருக்கிறது. இது காட்பாடி வழியே செல்வதால் வேலூர் செல்வோருக்கும் ஏற்றது. இரவு முழுதும் பேருந்தில் உட்கார்ந்து செல்வதைவிட, படுத்துச் செல்லும் ரயில் பயணம் நோயாளிக்கு நல்லது.

பலர் அறியாத சலுகை ஒன்று உண்டு. சிகிச்சைக்காகவோ மறுபரிசோதனைக்காகவோ பயணம் செய்யும் புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவை சிகிச்சைக்குச் செல்வோர், சிறுநீரக மாற்று அறுவைக்கோ டயாலிசிஸுக்கோ செல்வோர், தலசீமியா நோயாளிகள் ஆகியோருக்கும் உடன் செல்பவருக்கும் இவ்வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை உண்டு. இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவமனை சான்றளிக்க வேண்டும். அதை ரயில் நிலைய முன்பதிவுக் கவுண்டரில் காட்டிச் சீட்டு எடுக்க வேண்டும். முன்பதிவுக் கட்டணம், அதிவேக ரயிலுக்கான கூடுதல் கட்டணம் போன்றவை தனி. சிகிச்சை மையத்திற்கு முதன்முறை செல்லும்போதே இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும் பயணத்திற்கும் அடுத்த வருகைக்கும் பயன்படும்.

தங்குமிடம்

போய் இறங்கியவுடன் மாதக்கணக்கில் அறை எடுக்க வேண்டாம். முதல் இரண்டு, மூன்று நாளுக்கு மட்டும் ஓர் அறை எடுத்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். மருத்துவமனையே நடத்தும் விடுதி, தொண்டு அமைப்புகளின் இல்லங்கள், சமுதாயச் சத்திரங்கள் பற்றிய விவரம் அவரிடம் இருக்கும். சில இல்லங்களில் அவருடைய கடிதம் இருந்தால்தான் இடம் தருவார்கள். ரயில் நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் "ரூம் வேணுமா?" என்று கேட்டு வருபவரின் பின்னால் போக வேண்டாம், அவருடைய கமிஷனும் உங்கள் வாடகையில் சேரும்.

வேலூரின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குகின்றன. அவர்களுக்காகவே மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் சமையல் வசதியுள்ள லாட்ஜுகள் ஏராளமாக உருவாயின. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பக்கத்து அறைக் குடும்பத்துடன் சேர்ந்து காய்கறி வாங்கி, முறை வைத்துச் சமைத்து, சிக்கனமாக நாளை ஓட்டுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்கள் செய்வதை நம் மாநிலத்திற்குள் நாமும் செய்ய முடியும். ஆனால் அங்கு பல பிரிவுகள் 2022 முதல் இராணிப்பேட்டை வளாகத்துக்கு மாறிவிட்டன. உங்கள் பிரிவு எந்த வளாகத்தில் என்று அறிந்த பின்னரே அறை தேடுங்கள்.

அறையைப் பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். தொலைவில் 250 ரூபாய்க்கு அறை எடுத்து, நாள்தோறும் ஆட்டோவுக்கு 120 கொடுத்தால், அருகிலுள்ள 350 ரூபாய் அறையைவிட அது விலை கூடியதாகிறது. நான்காவது வாரத்திற்குப் பின் நோயாளிக்கு மாடி ஏறத் தெம்பு இராது. ஆகவே கீழ்த்தளம் அல்லது லிஃப்ட் வேண்டும். குந்தி அமர இயலாதவருக்கு மேலைநாட்டுக் கழிப்பறை வேண்டும். காற்றோட்டம், தண்ணீர், இரவில் கதவு திறப்பார்களா என்பன அடுத்த கேள்விகள். மாத வாடகைக்குப் பேசினால் நாள் வாடகையைவிடக் குறையும். அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். இடையில் காலி செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்னரே பேசிக்கொள்ளுங்கள்.

உணவு

அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டு செல்லலாம். சிறிய குக்கரும் மின் அடுப்பும் எடுத்துச் செல்லுங்கள். லாட்ஜில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமைக்கும் உணவு சிக்கனமானது மட்டுமன்று. கீமோதெரபி பெறுபவருக்குப் பாதுகாப்பானதும்கூட. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் தெருவோரத்தில் வெட்டி வைத்த பழமும் பச்சைக் காய்கறிகளும் வெளிச் சட்னியும் நோய்த்தொற்றுக்கு வழியாகும். கொதிக்கவைத்து ஆறிய நீர், சூடாகச் சமைத்த உணவு, நீங்களே தோல் உரிக்கும் வாழைப்பழம் போதும்.

வாய்க்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கு மூன்றாம் வாரத்திலிருந்து விழுங்கும்போது எரியும். காரமில்லாத குழைந்த சோறு, கஞ்சி, நன்கு வெந்த முட்டை, பாசிப்பருப்பு, தயிர் ஆகியவற்றால் எடை குறையாமல் காக்கலாம். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்களுக்குப் பணம் செலவிடும் முன் மருத்துவமனை உணவியல் நிபுணரைக் கேளுங்கள். முட்டையும் பாலுமே பல வேளைகளில் போதுமானவை.

உடன் இருப்பவரின் உணவும் கணக்கில் உண்டு. சென்னையில் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அரசு மருத்துவமனைகள் பலவற்றின் வளாகத்திலேயே இவை உள்ளன. தமிழகம் முழுதும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. மனைவியோ மகளோ உடன் இருந்தால் காய்கறி வாங்கப் போய்வரும் செலவு இல்லை.

உடன் இருப்பவரும் ஊரில் இருப்பவரும்

60 நாளும் ஒரே ஆள் உடனிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. மூன்று வாரத்திற்கு ஒருவர் என்று முறை வைத்து, தேதியோடு எழுதி, குடும்பத்தார் அனைவரும் ஒப்புக்கொண்ட பின் புறப்படுங்கள். முறை மாற்றும்போது ஒரு நாளாவது இருவரும் சேர்ந்திருந்து, மருந்து வேளை, மருத்துவர் பெயர், அறை எண், மீதப்பணம் ஆகியவற்றை ஒப்படைக்க வேண்டும். துணைக்கு இருப்பவருக்கும் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருக்கலாம். அவருடைய மாத்திரையையும் இரண்டு மாதத்திற்கு எடுத்துச் செல்லுங்கள்.

ஊரில் தங்கும் முதியோருக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் இத்திட்டத்தில் அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் ஒரு கவலை குறையும்.

சனி, ஞாயிறு விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஆசை எல்லோருக்கும் எழும். வாரந்தோறும் வந்துபோனால் பணமும் தெம்பும் கரையும். ஒரு திங்கட்கிழமை ரயில் தவறினால் ஒரு நாள் சிகிச்சையும் தவறும். வீட்டுத் திருமணமோ வீரபாண்டித் திருவிழாவோ குறுக்கிடுமானால், மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் விடாதீர்கள்.

பணம் குறையத் தொடங்கினால்

எல்லாம் திட்டமிட்டும் பணம் போதாமற் போகலாம். நோட்டில் வாரந்தோறும் மீதியை எழுதிவாருங்கள். பாதி நாள் கழியும் முன் பாதிப் பணம் தீர்ந்துவிட்டது என்றால், அன்றே சொல்ல வேண்டும். சிகிச்சைப் பிரிவின் செவிலியரிடம் சொல்லுங்கள். சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். பரிந்துரைத்த எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மலிவான இல்லத்திற்கு மாற்றவும், தொண்டு நிதி கேட்கவும், உள்நோயாளியாகச் சேர்க்க மருத்துவக் காரணம் உண்டா என்று பார்க்கவும் அப்போது அவகாசம் இருக்கும். கடைசி 200 ரூபாயுடன் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது எவராலும் அதிகம் செய்ய இயலாது.

வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் சொல்லாமல் ஊர் திரும்புகிறார்கள். மருத்துவரிடம் மலச்சிக்கலைச் சொல்கிறோம்; மாதவிடாயைச் சொல்கிறோம். பணமுடையையும் அவ்வாறே சொல்லலாம். ஏற்கெனவே சிகிச்சையை நடுவில் விட்டு வந்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், கடிந்துகொள்வார்களோ என்று அஞ்சாமல் இந்த வாரமே வாருங்கள். விட்ட நாளை ஈடுசெய்யும் முறைகள் உண்டு. காலம் தாழ்த்தினால் அவை குறையும்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்டவர் இப்போது இல்லை. அவருடைய மனைவி ஆண்டுக்கு இருமுறை தமது இரத்த அழுத்தத்திற்காக என்னிடம் வருகிறார். அவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் கேட்காத கேள்வி நினைவுக்கு வருகிறது. இப்போதெல்லாம் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அதைக் கேட்டுவிடுகிறேன். நான் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

புறப்படும் முன் சரிபார்க்க

1. சிகிச்சை நாள், காத்திருப்பு நாள், மொத்த நாள் ஆகியவை எழுத்தில் உள்ளனவா?
2. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று: அசலும் மூன்று நகல்களும்.
3. பரிந்துரைக் கடிதம், பழைய சிகிச்சைக் குறிப்புகள், ஸ்கேன் படங்களும் குறுந்தகடும், சதைப் பரிசோதனை அறிக்கை. சதைப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்லலாம்.
4. வழக்கமான மாத்திரைகள், நோயாளிக்கும் உடன் இருப்பவருக்கும்.
5. செலவு நோட்டு, ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தொகையுடன்.
6. உடன் இருப்போர் முறைப் பட்டியல், தேதியுடன்.
7. ரயில் சலுகைப் படிவம் கேட்க வேண்டும் என்ற குறிப்பு.
8. நம் மருத்துவமனைத் தொலைபேசி எண், செலவு நோட்டின் முதல் பக்கத்தில்.